பர்தா திறந்தபோது அவர் வந்துவிட்டிருந்தார்

“பர்தாவுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போடுங்க, ஆம்பளைங்க பக்கம், கடைசி வரிசையில போட்டாலும் போதும்”... கேட்டே விட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்த ஒன்று, சொல்லப்போனால் அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் டாக்கீஸில் நோட்டீஸ் எழுதுகிற வேலை பார்க்கவே அவர் சம்மதித்தார்... “லீவு கேளு, ஃபேன் கேளு, பர்தா சமாச்சாரம் மட்டும் வாயில வரக் கூடாது செலின், இது நிஜாம் சர்க்கார், நான் அவுங்க ரயில்வேயிலதான் பாய்லர் தட்டிக்கிட்டிருக்கேன்”... மானேஜர் அறை வாசலில் நின்றபடியே, காலைக்கூட உள்ளே வைக்காமல், கேட்டாயிற்று. அப்துல் ரஹீம் சாகிப் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்துக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும், அவரோ சாஸரில் டீயை ஊற்றி ஊதிக்கொண்டே சிரித்தார், “நக்கோ மிஸ், வேணாம். நீங்க அந்தப் பக்கம் உக்காந்தா ஜனம் படத்தைப் பாக்குமா, உங்களைப் பாக்குமா?” பார்க்கட்டுமே, பார்த்தால் என்ன, தேய்ந்தா போய்விடுவேன் என்று கேட்க வாய் வந்தது, அதற்குள் அவர், “கதாநாயகன் எப்படி வர்றான்னு தெரியணும், அவ்வளவுதானே? ஏரோப்ளேன்ல வர்றான். நோட்டீஸ்ல போடுங்க. யுத்தம் முடிஞ்ச வருஷம், எல்லாருக்கும் ஏரோப்ளேன் பிடிக்கும்.” ஏரோப்ளேன். படத்தை அவரும் பார்க்கவில்லை. பெட்டி காலையில்தான் மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கியது.

இப்போது ஜனானாவில் உட்கார்ந்திருக்கிறாள், பெண்கள் வகுப்பில், மூன்றாவது பெஞ்சு, மடியில் காகித அட்டை, காதில் பென்சில், கண்ணுக்கு முன்னால் பன்னிரண்டு முழம் கறுப்புத் துணி. இந்த ஊரில் இதற்கும் பர்தா என்று பெயர், படம் விழுகிற வெள்ளைத் துணிக்கும் பர்தா என்றே பெயர், ஒரு பர்தாவை விலக்கினால் இன்னொரு பர்தா, அதில் சாகிப்புக்கு ஒரு ஜோக் உண்டு, அதை அவர் வாரம் ஒரு முறை சொல்வார். விளக்கு எரிகிற வரைக்கும் கறுப்புத் துணி மூடியிருக்கும், ஆண்கள் திரும்பிப் பார்த்தால் துணிதான் தெரியும். விளக்கு அணைந்ததும் திறக்கலாமே என்றால், அதுவும் இல்லை, தாமதமாக வருகிறவர்கள் கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள், ஒவ்வொரு தடவையும் வெளி வெளிச்சம் உள்ளே விழும், அந்த வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்துவிட்டால்... ஆகவே கடைசி ஆண் உட்கார்ந்து, கதவுகளைத் தாழ் போட்டு, வாசல்காரன் இரண்டு முறை மணி அடித்த பிறகே ஜனானாவைப் பார்த்துக்கொள்ளும் நாகம்மா கயிற்றை இழுப்பாள். பத்து நிமிஷம், சில நாள் பதினைந்து. அந்தப் பத்து நிமிஷத்தில்தானே எல்லாரும் வருகிறார்கள்? படம் எடுக்கிறவன் முட்டாளா, கதாநாயகனை இடைவேளைக்கு அப்புறமா கொண்டுவருவான்? மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பெண்பிள்ளையாவது எந்தக் கதாநாயகனாவது வந்து நுழைவதைப் பார்த்திருக்கிறாளா, கேட்டால் தெரியும், அம்மாவைக் கேட்டால் போதும், அம்மா லூர்துமேரி பன்னிரண்டு வருஷமாகப் படம் பார்க்கிறாள், அவளைப் பொறுத்தவரை சினிமாவில் ஆண்கள் ஏற்கெனவே இருப்பவர்கள், கூடத்து நாற்காலி மாதிரி, யாரும் கொண்டுவந்து போட்டதில்லை.

விளக்கு அணைந்தது. நாகம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றண்டை நின்றாள். படம் ஆரம்பித்துவிட்டது, அந்தப் பக்கம். வீணை, மிருதங்கம், பெயர்கள் ஓடுகின்றன போலிருக்கிறது, ஒரு பெயருக்குக் கைதட்டல், யார் பெயரோ... காது மட்டும் வேலை செய்கிறது. சின்ன வயதிலிருந்து இந்தக் காது வழியாக எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், குளம்புச் சத்தத்தோடு ஒரு ராஜகுமாரன், இருமிக்கொண்டே ஒரு வில்லன், பாட்டுக்குள்ளிருந்து பிறந்த மாதிரி ஒரு சாமியார், குரல் மட்டும் நெருங்கி நெருங்கி வந்தது, பர்தா திறந்தபோது தாடியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், எந்த வழியாக வந்தாரோ. கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஒன்பது வயசு, அன்றைக்குக் கம்பியிலிருந்து வளையம் கழன்று துணி ஒரு முழம் தொங்கிவிட்டது, நாகம்மா ஓடி வந்து மாட்டுவதற்குள்... ஒரு குளத்துப் படிக்கட்டு, முதலில் குடம், அப்புறம் குடத்தைப் பிடித்த கை, அப்புறம் ஈரத் தலைமுடி, ஒவ்வொரு படியாக ஏறி ஏறி ஒரு பெண் முழுசாக வந்து நின்றாள், மூச்சு வாங்கினாள், குடத்தை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அந்தப் படத்தின் கதை மறந்துபோயிற்று, பாட்டு மறந்துபோயிற்று, அந்தப் பெண்ணை மட்டும் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிடலாம் போல இருக்கிறது. அவள் எங்கிருந்து வந்தாள், எத்தனை படி ஏறினாள், எவ்வளவு கனம் தூக்கினாள் என்று தெரியும். அதனால் பிற்பாடு அவள் அழுதபோது ஏன் அழுகிறாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களெல்லாம் அழுதார்கள், சிரித்தார்கள், கட்டளை போட்டார்கள், நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று அவர்களைக் கேட்கவே தோன்றவில்லை, நாம் பார்க்கும்போது ஏற்கெனவே இருப்பவனை எப்படிக் கேட்பது?

அதைக் கேட்காததால்தான் ரயில் வந்தது. அந்த ரயிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. போன மாதப் படம். வேலையில் சேர்ந்து மூன்றாவது நோட்டீஸ், தமிழ் நோட்டீஸ், மெட்டுகுடாவுக்கும் லாலாகுடாவுக்கும் வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு போய் விநியோகிப்பார்கள், கதைச் சுருக்கத்தை மெட்ராஸ் பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மேலே நாலு வரி ஜனங்களை இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும், முக்கியமாகக் கதாநாயகன் வருகிற காட்சி, சாகிப்பின் உத்தரவு. பர்தாவுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நீள விசில், கூ என்று, அதன் பின்னால் இன்னொன்று. தடதட தடதட என்று ஒரே தாளத்தில் ஒரு சத்தம், மெதுவாக ஆரம்பித்து வேகமாகி. அப்புறம் உஸ்ஸ்ஸ் என்று பெரிதாக, நீராவி விட்ட மாதிரி. பாய்லர் ஷாப் சூசைராஜின் மகளுக்கு, தண்டவாளத்திலிருந்து நாற்பது அடி தள்ளிப் பிறந்து வளர்ந்தவளுக்கு, அது வேறு எதுவாக இருக்க முடியும்? பர்தா திறந்தபோது கதாநாயகன் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். போதாதா? எழுதினாள், “கதாநாயகன் புகைவண்டியில் வந்து இறங்கும் அற்புதக் காட்சி! இஞ்சின் ஊதுவதையும் நீராவி சீறுவதையும் நேரில் கேட்பது போலவே கேட்கலாம்!” கீழே, எஸ். செலின், பி.ஏ. அந்தப் பி.ஏ.யை அச்சுக் கோக்கிற ஏனோக் அண்ணன் கதாநாயகன் பேரைவிடப் பெரிய எழுத்தில் கோத்திருந்தார், “நம்ம ஜனத்துல முதல் பி.ஏ., பெருசாத்தான் இருக்கட்டும்மா”. ஒர்க்‌ஷாப்பே திரண்டு போயிற்று. பகல் ஷிப்டு ஒரு நாள், மறு ஷிப்டு மறுநாள். எந்த வகுப்பு இஞ்சின், மீட்டர் கேஜா பிராட் கேஜா என்று கான்டீனில் பந்தயம். அப்பா ஃபோர்மனிடம் வேறு சொல்லியிருந்தார், என் மகள் எழுதியது என்று. போய்ப் பார்த்தால் கதாநாயகன் மாட்டு வண்டியில் வருகிறான். ஒற்றை மாட்டு வண்டி. விசில் அடித்தது முன் பெஞ்சுக்காரர்கள், தடதடத்தது அவர்கள் கால்கள், பெஞ்சுப் பலகையில், உஸ்ஸ் என்றது பின்னால் இருந்தவர்கள், சத்தம் போடாதே என்று.

ரயில் பி.ஏ. அதுதான் இப்போது பேர். தண்ணீர்க் குழாயடியில், “ரயில் பி.ஏ. வருது, கேட்டைச் சாத்துங்கடி.” ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது டிரைவர் சின்னசாமி தொப்பியைக் கழற்றி, “மிஸ், உங்க வண்டி எத்தனை மணிக்கு?” அப்பாவோ இரண்டு நாள் கான்டீனுக்குப் போகாமல் பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாராம், அம்மா சொன்னாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். பி.ஏ. முடித்த அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியவர், இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாமல், என் பேர் எங்கே, உன் பேர் எங்கே என்று விரலை வைத்துக் கேட்டவர். அந்தப் பேருக்கு மேலே பொய் அச்சாகிவிட்டது. சாகிப்பிடம் போய், தப்பாகிவிட்டது, திருத்தி இன்னொரு நோட்டீஸ் போடுங்கள் என்றால் அவர் கும்பிடாத குறை, “மிஸ், மூணு நாள் ஹவுஸ்புல்! நீங்க தெய்வம்! இதுக்குப் போயி திருத்தமா? நான் தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது, என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். வாணியம்பாடியில உருது பள்ளிக்கூடம் போனவன் நான். கூட்டம் வந்துச்சு, ஹவ், ஆமா, போதும்.” படிக்கத் தெரியாதவரை ஏமாற்ற முடியாது, படிக்கத் தெரிந்தவர்களைத்தான் அவள் ஏமாற்றியிருக்கிறாள், விசித்திரமான வேலை. இன்றைக்கு ஏரோப்ளேன் என்று எழுதலாம். எழுதினால் திங்கட்கிழமை வேறு பேர். ஏரோப்ளேன் பி.ஏ. அதைவிட மோசம், அந்த முறை தெரியாமல் எழுதினாள், இந்த முறை தெரிந்தே...

அந்தப் பக்கம் இரைச்சல் எழுந்தது. விசில். கைதட்டல். யாரோ வருகிறான், யாரோ இப்போது, இந்த நொடியில், இருபது அடிக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறான், ஐந்நூறு ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செலின் எழுந்தாள். துணியின் ஓரத்தைப் பிடித்தாள், கனமான துணி, போன வருஷம் ஓட்டை விழுந்ததென்று இரட்டையாகத் தைத்தது. ஓட்டைகளை நாகம்மாவே உட்கார்ந்து தைத்தாள். அவளுடைய கை இப்போது செலினின் மணிக்கட்டில் விழுந்தது.

“நக்கோ பாப்பா. கைக்கு, எதுக்கு? என் வேலையைப் பிடுங்கறியா?”

“ஒரு விரக்கடை நாகம்மா. ஒரு கண்ணுக்கு.”

“ஒரு கண்ணுக்குன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. பின்னாடி பாரு.”

பின்னால் நாலைந்து புர்காக்கள், முகத்துணியைத் தூக்கி விட்டிருந்தவர்கள், செலின் துணியில் கை வைத்ததைப் பார்த்ததும் மடமடவென்று இறக்கிக்கொண்டார்கள். ஒருத்தி, குரலில் சின்னப் பெண் என்று தெரிந்தது, ஏதோ சொன்னாள், உருதுவில், வேகமாக. நாகம்மா அதைத் தன் தமிழில் உடைத்துக் கொடுத்தாள், “அந்த அம்மா சொல்றாங்க, இந்தத் துணி இருக்கறதாலதான் வீட்டுல விடறாங்களாம். நீ திறந்தா நாளையிலேருந்து இதுவும் இல்லியாம். உனக்கு என்னம்மா, நீ கிறிஸ்டான், நீ எங்க வேணா போவே.” செலின் துணியை விட்டாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் யார் மேல் வைப்பது என்று தெரியாமல் கையில் நின்றது. எங்கே வேண்டுமானாலும் போவேனா? போகிறவள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? நான் பர்தாவைத் திறக்கச் சொல்லவில்லையே, எனக்கு ஒரு நாற்காலிதான் கேட்டேன், எனக்கு மட்டும்... ஆமாம், எனக்கு மட்டும்தான் கேட்டேன். இவர்களுக்கும் சேர்த்துக் கேட்கவில்லை. இவர்களுக்காகக் கேட்டால் இவர்களே வேண்டாம் என்கிறார்கள், கேட்காவிட்டால் நான் மட்டும் பார்த்துவிட்டு வந்து இவர்களுக்குச் சொல்கிறவள் ஆகிறேன், அப்பா படம் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி, ஆண்கள் எல்லாரும் சொல்கிற மாதிரி. உட்கார்ந்தாள். இரைச்சல் அடங்கிவிட்டது. வந்தவன் வந்துவிட்டான்.

மணி இரண்டு முறை அடித்தது. வளையங்கள் கம்பியில் சலசலத்து ஓடின, வெளிச்சம் பெஞ்சுகளின் மேல் விழுந்தது, கதாநாயகன் ஒரு வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று பெண்கள் நின்று பரிமாறினார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளையா, திருடனா, தொலைந்துபோன மகனா, யாருக்குத் தெரியும்.

“எப்படி வந்தாராம்?” பக்கத்தில் செல்லம்மாக்கா, டிரைவர் சின்னசாமியின் சம்சாரம், முறுக்கை வாயில் வைத்தபடி.

“தெரியாதுக்கா.”

“உனக்கே தெரியாதா? பி.ஏ. படிச்சிருக்க.”

“பி.ஏ.க்குத் துணிக்கு அந்தப் பக்கம் தெரியுமாக்கா? உங்க வீட்டுக்காரர்தான் கேலி பண்றாரே, போன தடவை நான் எழுதினதுக்கு.”

“அந்த மனுசனை விடு. மாட்டு வண்டிங்கறாரு. நான் நம்பல.” முறுக்கு நொறுங்கியது. “நீ எழுதினதை அடுத்த வீட்டுப் புள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், ரயில்லதான் வந்தாரு. புகை எல்லாம் வந்துச்சு. இத்தனை வருஷம் படம் பாக்கறேன், ஒருத்தர் வர்றதை அன்னிக்குத்தான் பாத்தேன்.”

“அது பொய்க்கா. மாட்டு வண்டிதான்.”

செல்லம்மாக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள், திரை வெளிச்சத்தில் கண் பளபளத்தது, மெல்லுவது நின்றிருந்தது. “அப்படியா,” என்றாள். பிறகு, “நீ ஏன் அதை எங்கிட்ட சொல்றே?” என்றாள். கோபமாக இல்லை. வாங்கி வந்த சாமானைப் பிரித்துப் பார்த்து, அளவு சரியில்லை என்று கண்டவள் மாதிரி. பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, “சரி, இன்னிக்கு என்ன எழுதப் போறே? நல்லதா எழுது. கப்பல் எழுதேன், நான் கப்பலே பாத்ததில்ல.”

கப்பல். அவளுக்கு ஒரு கப்பல் எழுதித் தரலாம். ஐந்நூறு ஆண்கள் சிரிப்பார்கள், இந்த ஒருத்தி, இந்தப் பெஞ்சுகளில் இருக்கிற நாற்பது பேர், கப்பலைப் பார்ப்பார்கள். அதற்கு என்ன கெட்டுப்போகிறது? அப்பா கான்டீனுக்குப் போக மாட்டார், அவ்வளவுதானே... இல்லை, அவ்வளவு இல்லை. இவர்கள் பார்க்கவில்லை என்பதையே கப்பல் மறைத்துவிடும். பார்த்த மாதிரி இருக்கும். பார்த்த மாதிரியே இருந்து பன்னிரண்டு வருஷம் போய்விட்டது, யார் எப்படி வந்தார்கள் என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. செலின் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். திரையைப் பார்க்காமல், காகிதத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினாள்,

“இப்படத்தில் கதாநாயகன் எவ்வாறு வருகிறார் என்பதைப் பெண்கள் வகுப்பில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. பர்தா திறந்தபோது அவர் வந்து, உட்கார்ந்து, ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எஸ். செலின், பி.ஏ.”

ஒரு முறை படித்தாள். ‘எவ்வாறு’ கொஞ்சம் அதிகம், ‘எப்படி’ போதும், அடித்துத் திருத்தினாள். சாகிப்பிடம் காட்ட வேண்டியதில்லை, என்றைக்கும் காட்டியதில்லை, நேரே மோண்டா மார்க்கெட் அச்சகத்துக்குப் போய் ஏனோக் அண்ணன் கையில் கொடுப்பதுதான் வழக்கம். அவர் படிப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளுவார், “என்னம்மா இது?” என்பார், கோப்பார். ஞாயிற்றுக்கிழமை தமுக்கோடு போகும். திங்கட்கிழமை யாராவது சாகிப்புக்குப் படித்துச் சொல்வார்கள், அன்றைக்கே வேலை போகும், அப்பாவிடம் சர்க்கார் ஆட்கள் இரண்டு பேர் விசாரிப்பார்கள், உன் மகள் பர்தாவைப் பற்றி ஏதோ அச்சடித்திருக்கிறாளாமே... தெரியும். எழுதும்போதே தெரியும். காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“படம் இப்பதானே ஆரம்பிச்சிருக்கு, எங்க கெளம்பிட்டே?” என்றாள் செல்லம்மாக்கா.

“பிரஸ்ஸுக்கு.”

“கப்பல்தானே?”

“இல்லக்கா. உங்களைப் பத்தி.”

“என்னைப் பத்தியா? என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?” செல்லம்மாக்கா சிரித்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு, முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அப்புறம் சிரிப்பு நின்று, முந்தானையைச் சரியாக இழுத்து மூடிக்கொண்டு, மெதுவான குரலில், “பேர் போட்டிருக்கியா?” என்று கேட்டாள். போட்டிருக்க வேண்டும் என்று கேட்டாளா, போட்டிருக்கக் கூடாது என்று கேட்டாளா... செலின் முழங்கால்களை ஒதுக்கி ஒதுக்கி வரிசையை விட்டு வெளியே வந்தாள், புர்காக்காரப் பெண்ணின் செருப்பை மிதித்துவிட்டு மாப் கரோ என்றாள், நாகம்மா கதவை அகலத் திறக்காமல், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் விலக்கிப் பிடித்தாள். வெளியே நாலு மணி வெயில் கண்ணைக் குத்தியது. அவர்களைக் கேட்காமலே அவர்களைப் பற்றி எழுதிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் ஒவ்வொருத்தியாகக் கேட்கலாம், கேட்டால் கப்பல் என்பார்கள். மார்க்கெட் பக்கம் நடந்தாள்.